தமிழ் வீடியோ மட்டும் ஏன் நிண்டு நிண்டு வருது?

சனிக்கிழமை காலையில் என் மகள் புரொண்பி ஸ்ட்ராண்டில் இருக்கிற அம்மம்மா வீட்டில்தான் நிற்பாள். ஐந்து வயது. குசினி மேசையில் பழைய லப்டொப்பைத் திறந்து, இரண்டு பேரும் சேர்ந்து யூடியூப்பில் ஒரு தமிழ்க் கதை பார்ப்பார்கள். பார்த்து முடிய அம்மம்மா கேள்வி கேட்பா, இவள் தெரிந்த தமிழில் பதில் சொல்லுவாள். ஒரு கிழமையில் அவள் தொடர்ந்து தமிழில் கதைக்கிற நேரம் அதுதான்.

போன மாதம் நான் கூட்டிக்கொண்டு போக வந்தபோது காகமும் நரியும் ஓடிக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்தது என்று சொல்ல ஏலாது. கதை சொல்பவரின் குரல் போய்க்கொண்டே இருக்கிறது, படம் உறைந்து நிற்கிறது. குரலில் நரி வடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. படத்தில் காகம் இன்னும் வாயை மூடியபடி மரத்தில் இருக்கிறது.

மகள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அம்மா, தமிழ் வீடியோ மட்டும் ஏன் நிண்டு நிண்டு வருது? டெனிஷ் நிக்கிறேல்லையே."

எனக்குச் சுருக்கென்றது. வீட்டில் அவள் டப்லெட்டில் ராமஷாங் பார்க்கிறாள். அது அப், வழுக்கிக்கொண்டு போகும். தமிழ் என்றால் இந்த லப்டொப்தான். பிள்ளை இரண்டு மெசினை ஒப்பிடவில்லை, இரண்டு மொழியை ஒப்பிட்டுவிட்டாள். டெனிஷ் ஓடுகிற மொழி, தமிழ் சிக்குகிற மொழி.

2002 இல் இங்கே சட்டம் மாறி, எங்களைப் போல ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தாய்மொழி வகுப்பு வைக்கும் கட்டாயம் கொம்யூனுக்கு இல்லாமல் போனது. அதற்குப் பிறகு வார இறுதி வகுப்பும் வீடும்தான் மிச்சம். அந்த வீட்டுப் பங்கில் பாதி, உண்மையைச் சொன்னால், வீடியோவில்தான் போகிறது.

வீட்டில் இதற்கு ஏற்கனவே இரண்டு தீர்ப்பு இருந்தது. "இன்டர்நெட் ஸ்பீட் காணாது" என்று அப்பா 100 மெகாபிட்டை 1000 ஆக மாற்றிவிட்டார். மாதா மாதம் கூடக் காசு. "இல்லைப் பிள்ளை, லப்டொப்புக்கு வயசு போட்டுது, என்னைப்போல" என்பது அம்மாவின் தீர்ப்பு. மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிற நான் மட்டும் ஒரு வருசமாகத் திரும்பிப் பார்க்கவில்லை.

உங்கள் அம்மா அப்பா வீட்டிலும் இப்படி ஒரு லப்டொப் இருக்கும். அதனால் நான் பார்த்த ஒழுங்கையே சொல்கிறேன்.

முதலில் காதைக் கொடுங்கோ. படமும் சத்தமும் சேர்ந்து நின்று, நடுவில் வட்டம் சுற்றினால், தரவு வந்து சேரவில்லை. இணைப்பையோ வைஃபையையோ சந்தேகிக்கலாம். சத்தம் தடையில்லாமல் வந்து, படம் மட்டும் தாண்டித் தாண்டிப் போனால் தரவு வந்துவிட்டது, அதை விரித்துக் காட்டக் கொம்பியூட்டருக்கு நேரம் கிடைக்கவில்லை. எங்கள் காகம் இரண்டாவது வகை. 720பி வீடியோவுக்கு 2.5 மெகாபிட்டும், 1080பிக்கு 5 மெகாபிட்டும் போதும் என்பதுதான் யூடியூப் சொல்லும் அளவு. அப்பாவின் 1000 இங்கே ஒன்றும் செய்யாது.

சந்தேகம் என்றால் வீடியோவின் மேல் ரைட் கிளிக் செய்து "ஸ்டட்ஸ் ஃபோர் நேர்ட்ஸ்" என்பதைத் தெரிவு செய்யுங்கோ. அதில் "பஃபர் ஹெல்த்" என்பது முன்கூட்டியே வந்து சேர்ந்திருக்கும் விநாடிகள். "ஃபிரேம்ஸ்" வரிசையில் "டிரொப்ட்" என்பது காட்டாமல் தவறவிட்ட படங்கள். பஃபர் நிறைய இருந்தும் தவறவிட்ட எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், இன்டர்நெட் நிரபராதி.

இரண்டாவது, அதே வீடியோவை இன்கொக்னிட்டோ ஜன்னலில் ஓட விடுங்கோ. குறோமிலும் எட்ஜிலும் கொன்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அமத்தினால் திறக்கும். நீங்களாக அனுமதி கொடுத்திருந்தால் ஒழிய, எக்ஸ்டென்ஷன்கள் அங்கே வேலை செய்யாது. வீடியோவின் தரத்தை மட்டும் இரண்டு ஜன்னலிலும் ஒன்றாக வையுங்கோ, இல்லாவிட்டால் ஒப்பீடு பிழைக்கும். அம்மாவின் லப்டொப்பில் அந்த ஜன்னலில் காகம் அழகாக வாயைத் திறந்தது, வடை சரியான நேரத்தில் விழுந்தது. அப்ப குற்றவாளி ஒரு எக்ஸ்டென்ஷன்.

மூன்றாவது, எது என்று பிடிப்பது. மெனுவில் எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறந்து பாதியை நிறுத்துங்கோ. வீடியோ சரியானால் குற்றவாளி நிறுத்தின பாதியில், இல்லாவிட்டால் மற்றப் பாதியில். அதை மறுபடி பாதியாக்குங்கோ. எட்டு இருந்தாலும் மூன்று தடவையில் பிடித்துவிடலாம். குறோமில் ஷிஃப்ட்டோடு எஸ்கேப்பை அமத்தினால் டாஸ்க் மனேஜர் வரும், எது எவ்வளவு சிபியூ தின்னுகிறது என்று காட்டும். ஆனால் அதை மட்டும் நம்பாதேங்கோ. எக்ஸ்டென்ஷன் ஒரு பக்கத்துக்குள் தன் நிரலைச் செருகி ஓடவிட்டால், அந்தச் செலவு அந்தப் பக்கத்தின் கணக்கில்தான் விழும். எக்ஸ்டென்ஷன் வரிசையில் நல்ல பிள்ளை மாதிரி நிற்கும்.

அம்மாவின் லப்டொப்பில் ஆறு இருந்தன. விலை ஒப்பிடுகிற ஒன்று, வீடியோ இறக்குகிற ஒன்று, எங்கே இருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாத இரண்டு. சிக்கல் அந்த நாலில் இல்லை. மிச்சம் இரண்டும் விளம்பரம் தடுக்கிறவை. ஒன்று தம்பி போட்டது. மற்றது, பிள்ளை விளம்பரம் பார்க்கக்கூடாது என்று நானே போட்டது. ஒன்று இருக்கிறது என்று தெரியாமல் இன்னொன்று.

விளம்பரத் தடுப்பான் சும்மா இருக்கிற பொருள் இல்லை. பக்கம் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையையும் பல்லாயிரம் விதிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. பக்கத்துக்குள்ளும் புகுந்து, மாறுகிற ஒவ்வொன்றையும் கவனிக்கிறது. யூடியூப் பக்கமோ ஓயாமல் மாறுகிறது. இரண்டு தடுப்பான் என்றால் இரண்டு காவலாளி ஒரே வாசலில் நின்று ஒரே ஆளை இரண்டு தரம் சோதிக்கிற மாதிரி. ஒன்றை எடுத்தேன், மற்றதைப் புதிய பதிப்புக்கு மாற்றினேன். வீடியோ சரி.

இது பெரிய இடத்திலும் நடந்திருக்கிறது. 2024 ஜனவரியில் தடுப்பான் வைத்திருந்த பலருக்கு யூடியூப் இழுபட்டபோது, அவர்களை யூடியூப் வேண்டுமென்றே தண்டிக்கிறது என்று பலரும் நம்பினார்கள். கடைசியில் அட்பிளொக், அட்பிளொக் பிளஸ் இரண்டின் புதிய பதிப்பில் இருந்த கோளாறு என்று தெரிந்தது. கொஞ்ச நாளில் திருத்தம் வந்தது.

எக்ஸ்டென்ஷன் எல்லாவற்றையும் நிறுத்தியும் படம் தாண்டினால், அம்மா சொன்ன வயசு உண்மையாக இருக்கலாம். யூடியூப் இப்போது பெரும்பாலும் விபி9, ஏவி1 என்ற முறைகளில் வீடியோவைச் சுருக்கி அனுப்புகிறது. இன்டெல் லப்டொப்களில் விபி9ஐ விரிக்கும் முழு வசதி 2016 இல் வந்த ஏழாம் தலைமுறைச் சில்லுகளோடுதான் வந்தது. அதற்கு முந்தினவை மூச்சு வாங்கும். தரத்தை 480பிக்குக் குறையுங்கோ. குறோம் செட்டிங்ஸில் "சிஸ்டம்" பகுதிக்குப் போய், கிராஃபிக்ஸ் அக்சலரேஷன் நிறுத்தப்பட்டிருந்தால் போட்டுவிடுங்கோ. பழைய எச்.264 முறையிலேயே அனுப்பு என்று யூடியூப்பைக் கேட்கிற எக்ஸ்டென்ஷன்களும் உண்டு.

வேகம் ஒரு பக்கம். யாருக்கும் தெரியாத அந்த இரண்டையும் நான் அன்றே அழித்தேன். பல எக்ஸ்டென்ஷன்கள் போடும்போதே "எல்லா இணையத்தளங்களிலும் உங்கள் தரவை வாசிக்க, மாற்ற" அனுமதி வாங்கிவிடுகின்றன. அம்மா நெட்பாங்கைத் திறப்பதும் அதே பிரவுசரில்தான். கிரேட் சஸ்பெண்டர் என்ற பிரபலமான எக்ஸ்டென்ஷனை அதை எழுதியவர் 2020 இல் கைமாற்றினார். புதிய கையில் அது தீங்கு செய்யும் மென்பொருளாகி, 2021 பெப்ரவரியில் கூகுள் அதை நீக்கியது. போட்டபோது நல்லதாக இருந்தது இன்றைக்கும் நல்லது என்று இல்லை. யார் போட்டது, எதற்குப் போட்டது என்று சொல்ல ஏலாத எதையும் விட்டு வையாதேங்கோ.

எல்லாம் சேர்த்து இருபது நிமிசம். "இதுக்கோ நான் மாசம் மாசம் கட்டினனான்?" என்று அப்பா கேட்டார். பழைய இணைப்புக்கே திரும்ப மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை காகக் கதையை மகள் முழுதாகப் பார்த்தாள். "இண்டைக்குத் தமிழ் நிக்கேல்லை" என்றாள். பிறகு அம்மம்மாவிடம் கேட்டாள்: "காகம் ஏன் வடையைக் காலுக்குக் கீழ வைச்சிட்டுப் பாடேல்லை?" அம்மம்மா பதில் சொல்லத் தொடங்கினா. நான் ஜக்கெட்டைக் கழற்றிவிட்டு இருந்தேன், அது அரை மணித்தியாலம் போனது.

இந்தக் கிழமை அம்மா வீட்டுக்குப் போகிறபோது நீங்களும் அந்த லப்டொப்பை ஒருக்காத் திறந்து பாருங்கோ.