கரடி உலவும் மலையில்

மலையடிவாரத்தில் வாழ்வது ஒரு பேறு. மார்க்கையன்கோட்டை வயல் வரப்பில் நின்று நோக்குவார்க்கு, மேற்கே கேரள எல்லை மலைகளும் தென்கிழக்கே மேகமலையும் அரண்போல் நிற்றல் புலனாகும். 1895 ஆம் ஆண்டில் முடிவுற்ற பெரியாற்று அணையின் நீர், இப்பள்ளத்தாக்கை நெல்விளையும் நன்செய் ஆக்கிற்று. நாள்தோறும் அம்மலைகளைக் கண்டு வளரும் இளைஞர்க்கு, ஆண்டுச் சென்று கூடாரம் அமைத்து ஓரிரவு தங்கவேண்டும் என்னும் விருப்பம் எழுதல் இயல்பே. அவ்விருப்பம் நன்று. ஆயினும், அக்காடு நமக்கு முன்னரே கரடிக்கு உறைவிடமாய் உள்ளது என்பதை மறந்து செல்லுதல் நன்றன்று.

கரடியைப் பற்றி மக்களிடையே இருவகை எண்ணங்கள் உள்ளன. மனிதனைத் தேடிவந்து கொல்லும் கொடிய விலங்கு என்பர் சிலர். ஒரு காலத்தில் தெருவில் வித்தைக்காரன் கயிற்றுக்கு ஆடிய கரடியை நினைந்து, அஃது அஞ்சத்தகாத விளையாட்டுயிர் என்பர் வேறு சிலர். இரண்டும் பிழையே. கரடியால் வரும் தீங்கிற் பெரும்பகுதி, அதன் கொடுமையால் வருவதன்று. அதன் இயல்பை நாம் அறியாமையால் வருவது. ஆகலின், படைக்கலத்தினும் அறிவே காட்டில் சிறந்த காவல் என்பது என் துணிபு.

நம் நாட்டுக் கரடி கரிய நீண்ட மயிரும், மார்பில் வெண்ணிற வளைகோடும் உடையது. இந்தியா, நேபாளம், இலங்கை ஆகிய நாடுகளின் காடுகளில் இது வாழ்கின்றது. கறையானும் எறும்பும் தேனும் கனிகளுமே இதன் சிறந்த உணவு. புற்றை அகழ்தற்கு ஏற்ற வளைந்த நகங்கள் ஏறத்தாழ மூன்று அங்குல நீளம் வளரும். மேல்வாயின் முன்பற்கள் இரண்டு இல்லாமையால், அவ்விடைவெளி வழியே கறையானை உறிஞ்சி உண்ணும். பண்டைத் தமிழர் இதனை எண்கு என்றும் உளியம் என்றும் வழங்கினர். எண்கு புற்றை அகழ்ந்து உண்ணுதலை அகநானூற்றுப் புலவர்கள் நுணுகிக் கண்டு பாடியுள்ளனர். இரண்டாயிரம் ஆண்டுகட்கு முற்பட்டோர் அறிந்திருந்த இவ்வுயிரை, மலையின் அருகிலேயே வாழும் நாம் அறியாதிருத்தல் தகுமோ?

ஊன் தேடி மனிதனைக் கொல்லாத இவ்விலங்கு, அவன்மேற் பாய்வது ஏன்? இதற்கு மோப்பம் மிகுதி, பார்வையோ குறைவு. புற்றை அகழ்வதில் மூழ்கியிருக்குங்கால், மனிதன் மிக நெருங்கிய பின்னரே அவன் வரவை உணரும். உணர்ந்தவுடன் திடுக்கிட்டுத் தாக்கும். புலியோடு ஒரே காட்டில் வாழ நேர்ந்தமையால், ஓடி ஒளிதலினும் எதிர்த்துப் பாய்தலையே இது தற்காப்பாகக் கொண்டது என விலங்கியலார் கருதுவர். குட்டிகளை முதுகிற் சுமந்து திரியும் தாய்க்கரடியின் சினம் பின்னும் பெரிது. பெரும்பாலும் தலையிலும் முகத்திலுமே இது காயப்படுத்தும் ஆதலின், உயிர் பிழைத்தோரும் வாழ்நாள் முழுவதும் துன்புறுவர்.

எனவே, கரடி திடுக்கிடாதவாறு நடத்தலே முதற்காவல். தனியே செல்லற்க, கூடிப் பேசிக்கொண்டே செல்க. வைகறையும் மாலையும் இரவும் அஃது உலவும் பொழுதுகள். அப்பொழுதுகளில் நடத்தலைத் தவிர்க்க. பகலில் அது பாறைப் பிளவுகளிலும் உண்ணிச்செடிப் புதர்களிலும் படுத்திருக்கும், அவ்விடங்களில் நுழையற்க. கறையானை உறிஞ்சும் ஒலி தொலைவிலேயே கேட்கும். கேட்டவுடன் வந்தவழியே மீள்க. புதிதாக அகழ்ந்த புற்றின் அருகிலும், கனியுதிர்ந்த மரத்தின் அடியிலும் கூடாரம் அமைக்கற்க.

உணவைக் காத்தலும் கூடாரத்தைக் காத்தலும் வேறல்ல. அமெரிக்க நாட்டின் யோசெமிட்டிப் பூங்காவில் வாழும் கருங்கரடிகள், பயணிகளின் உணவுச் சுவையறிந்து ஊர்திகளையும் உடைக்கத் தொடங்கின. 1998 ஆம் ஆண்டில் மட்டும் இத்தகைய நிகழ்ச்சிகள் 1,500-க்கு மேற்பட்டன. உணவைக் கரடி திறக்கவியலாத இரும்புப் பெட்டியில் வைக்கவேண்டும் என்னும் விதி உறுதியாக நடைமுறைக்கு வந்தபின், அவை மிகவும் குறைந்தன. மாறவேண்டியது மனிதனின் வழக்கமே என்பதை இது தெளிவாக்கும். எஞ்சிய சோற்றையும் பழத்தோலையும் கூடாரத்தருகே எறிதல், கரடியை விருந்துக்கு அழைத்தலை ஒக்கும்.

ஆனால், அந்நாட்டார்க்குக் கூறும் அறிவுரை யாவும் நமக்குப் பொருந்தா. அக்கருங்கரடி பாய்ந்தால் எதிர்த்துப் போரிடுக என்பர். நம் கரடியோடு போரிடுதல் அதன் வெகுளியைப் பெருக்கும். தொலைவிற் கண்டால் ஓடாது நின்று, அதன் வழியை மறியாமல், மெல்லப் பின்வாங்குக. ஓட்டத்தில் அது நம்மை வெல்லும், மரமேறவும் அறியும். பாய்ந்துவிடின், குப்புறக் கிடந்து, முகத்தை நிலத்தோடு சேர்த்து, கைகளைப் பிடரியிற் கோத்து, அஃது அகலுமளவும் அசையாதிருத்தலே முகத்தையும் கழுத்தையும் காக்கும் வழியாகும்.

நெருப்பு மூட்டினால் கரடி அணுகாது என்று சிலர் கூறலாம். 2018 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், போடிக்கு அருகிலுள்ள குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில், மலையேறச் சென்றோர் இருபதின்மர்க்கு மேல் உயிரிழந்தனர். கோடையில் காய்ந்த புல் ஒரு பொறிக்கும் காத்திருக்கும். கரடிக்கு அஞ்சிக் காட்டிற்குத் தீமூட்டுதல், சிறிய இடருக்கு அஞ்சிப் பேரிடரை வரவழைத்தலாம்.

1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கரடியைக் காக்கின்றது. 2021 ஆம் ஆண்டு முதல் மேகமலை, திருவில்லிப்புத்தூர் மலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகவும் விளங்குகின்றது. ஆங்கு வனத்துறையின் இசைவின்றி நுழைதலும் தங்குதலும் குற்றமாகும். இசைவு கேட்டலை இழிவாகக் கருதற்க. பிறர் இல்லம் புகுவார் வாயிலில் நின்று இசைவு கேட்டல் பண்பாடன்றோ? காடு கரடியின் இல்லம்.

மாணவர்களே! அறியாது துணிதல் வீரமன்று. அறியாது நடுங்குதலும் அறிவன்று. மலையை விரும்புங்கள், ஆங்கு வாழும் உயிர்களின் இயல்பை அறிந்து செல்லுங்கள். கரடிக்கும் தீங்கின்றி, உமக்கும் தீங்கின்றி மீண்டு வருதலே மலைப்பயணத்தின் சிறப்பாகும்.