கோனோவீடர் கனக்கிறதா? தள்ளுபவரைக் கேட்டுத் திருத்துங்கள்!

''திருந்திய நெல் சாகுபடி வயலில் கோனோவீடர் தள்ளும் பெண்களுக்குத் தோள்வலி வருகிறது. அடுத்த முறை வர மாட்டோம் என்கிறார்கள். வேறு கருவி வாங்க வேண்டுமா?''

- வாசகி, மன்னார்குடி.

''உடனே வாங்க வேண்டாம். இருக்கும் கருவியையே திருத்திப் பார்க்கலாம்.

முதலில் தண்ணீர். வயலில் 2-3 செ.மீ தண்ணீர் நிற்க வேண்டும். சேறு இறுகிக் கிடந்தால் எந்தக் கருவியும் ஓடாது. அடுத்தது, கைப்பிடி. தள்ளுபவரின் உயரத்துக்குத் தக்கபடி, இடுப்புக்கும் முழங்கைக்கும் இடையில் வருமாறு மாற்ற வேண்டும். மூன்றாவது, முன்னால் உள்ள மிதவை. அதைச் சற்று இறக்கினால், பல்லுள்ள கூம்புகள் ஆழமாகப் புதையாது, தள்ளுவது எளிதாகும்.

மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால், எது பலன் தந்தது என்று தெரியாது. ஒன்றை மாற்றி, இரண்டு வரிசை ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததை மாற்றலாம். நடவு செய்த 10, 20, 30, 40-ம் நாள்களில் களையெடுப்பதால், ஒரே போகத்தில் நான்கு முறை சோதித்துப் பார்க்க வாய்ப்பிருக்கிறது.

பட்டறைக்குப் போகும்போது கருவி தள்ளும் பெண்களையும் அழைத்துச் செல்லுங்கள். எங்கே வலிக்கிறது என்பது வெல்டருக்குத் தெரியாது, அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் தள்ளிப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு பற்ற வைத்தால் போதும்.''