வண்டியே வீடு, வண்டியே கடை



அமெரிக்காவில் வாழும் என் தங்கை, கணவருடன் வீட்டு வசதியுள்ள வண்டியில் ஊர் ஊராகச் சென்று, தான் தைத்த பைகளைச் சந்தைகளில் விற்கிறாள். "அக்கா, வண்டிதானே என் கடை. வரிக் கணக்கில் அதன் முழுச் செலவையும் கழிக்கலாம்தானே?" என்று கேட்டாள். நானும் யோசிக்காமல் "ஓம்" என்றுவிட்டேன். விசாரித்த பிறகுதான் என் தவறு புரிந்தது.

படுக்கையும் சமையலறையும் கழிப்பறையும் உள்ள வண்டி அந்நாட்டுச் சட்டப்படி ஒரு வீடு. தொழிலுக்கென்றே ஒதுக்கி, தொடர்ந்து பயன்படுத்தும் பகுதிக்கு மட்டுமே கழிவு உண்டு. பகலில் தைத்து, இரவில் சாப்பிடும் மேசை அதில் சேராது. இப்படி வண்டியில் தங்கி, அங்கேயே வாடிக்கையாளரைச் சந்தித்துக் காப்புறுதி விற்ற ஒரு தம்பதியின் வழக்கில், வண்டிக்கான கழிவை வரி நீதிமன்றம் 2014இல் மறுத்தது. நிலையான வீடோ தொழிலிடமோ இல்லாதவர்கள் பயணத்தில் உண்ணும், தங்கும் செலவையும் கழிக்க முடியாது. துணி, நூல், சந்தைக் கட்டணம் ஆகியவற்றைக் கழிக்கலாம்.

தங்கையிடம் உண்மையைச் சொன்னேன். சற்று வருந்தினாள். இப்போது தொழிலுக்கான பற்றுச்சீட்டுகளைத் தனிக் கொப்பியில் ஒட்டி வைக்கிறாள். வீட்டிலிருந்தே தைக்கும், இடியப்பம் அவித்து விற்கும் நாமும் வீட்டுச் செலவையும் தொழிற்செலவையும் வெவ்வேறு கொப்பிகளில் எழுதுவோம். நம் உழைப்பின் இலாபம் எவ்வளவு என்பது அப்போதுதான் நமக்கே தெரியவரும்.