மனுவுக்கு முந்தைய மாதங்கள்

கணவரின் சம்பளம் எவ்வளவு என்று தெரியாமலேயே பல பெண்கள் குடும்ப நீதிமன்றத்தின் படியேறுகிறார்கள். டெல்லியில் சாகேத், துவாரகா, ரோகிணி, கர்கர்டூமா என்று எந்த வளாகமானாலும், ஜீவனாம்சம் கேட்டவுடன் எழும் முதல் கேள்வி வருமானம் பற்றியதுதான். "தனியார் கம்பெனியில் வேலை, வீட்டுச் செலவுக்கு மாதாமாதம் கொடுப்பார்" என்ற பதிலை வைத்துக்கொண்டு எந்த நீதிபதியும் நியாயமான தொகையை முடிவுசெய்ய முடியாது.

இந்தச் சிக்கலைத் தீர்க்க முனைந்தவர் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஜே.ஆர். மிதா. கணவன், மனைவி இருவருமே தங்கள் சொத்து, வருமானம், செலவு அனைத்தையும் சத்தியம் செய்து எழுதித் தர வேண்டிய விரிவான பிரமாணப் பத்திரம் ஒன்றை, குசும் சர்மா வழக்கில் 2014-இல் தொடங்கி 2020 வரை திருத்தித் திருத்தி அவர் உருவாக்கினார். சம்பளத்தைக் குறைத்துச் சொல்வது எளிது. வாழும் விதத்தை மறைப்பது கடினம். அதனால் செலவுக் கணக்கையும் அந்தப் பத்திரம் துருவிக் கேட்டது. 2020 நவம்பர் 4 அன்று ரஜ்னேஷ்–நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்தகைய பத்திரத்தை நாடு முழுவதற்கும் விதியாக்கியது. மனு போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிடப்பட வேண்டும் என்றும் சொன்னது. அந்த வழக்கின் மனைவி இடைக்கால ஜீவனாம்சம் கேட்டது 2013-இல், கைக்குழந்தையோடு. தீர்ப்பு வந்தபோது பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு வந்துவிட்டான்.

மனு போடுவதற்கு முந்தைய மாதங்களின் அருமை இங்கேதான் தெரிகிறது. திருமணப் பதிவுச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிக் கட்டண ரசீது, வருமான வரிக் கணக்கு, கூட்டுக் கணக்கின் வரவு செலவு, வீட்டுக் கடன் பத்திரம், காப்பீட்டுப் பாலிசி ஆகியவற்றின் நகல்கள் கையில் இருக்கிற பெண்ணும், உடுத்திய புடவையோடு வெளியே வந்த பெண்ணும் ஒரே சட்டத்தின் முன் நின்றாலும் ஒரே வேகத்தில் நியாயம் பெறுவதில்லை. தன் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கு, ஓடிப்போய்த் தங்க ஓரிடம், சில மாதச் செலவுக்குப் பணம் ஆகியவையும் இந்தத் தயாரிப்பில் சேர்ந்தவை. வீட்டில் அடி உதை இருந்தால் காகிதத்துக்காகக் காத்திருக்கக் கூடாது, உயிர்தான் முதலில்.

நகை தனிக் கதை. கேரளத்தில் 2003-இல் மணமான ஒரு பெண்ணின் 89 பவுனைப் பத்திரமாக வைப்பதாகச் சொல்லி முதலிரவன்றே கணவர் வாங்கித் தன் தாயிடம் கொடுத்தார் என்பது வழக்கு. 2011-இல் குடும்ப நீதிமன்றம் பெண்ணின் பக்கம் தீர்ப்பளித்தது. 2022-இல் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. 2024 ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றம், சீதனம் பெண்ணுக்கு மட்டுமே உரிய சொத்து என்று சொல்லி 25 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. நம் வீடுகளிலும் கல்யாண நகை மாமியாரின் பீரோவுக்குப் போவது வழக்கம்தான். கடை ரசீதும் கல்யாண ஆல்பமும் இருந்தால் அந்தப் பெண்ணின் பேச்சுக்குச் சாட்சி உண்டு.

"சேர்ந்து வாழும்போதே காகிதம் சேர்க்கிறாளே, இவளல்லவா குடும்பத்தைக் கெடுத்தவள்" என்று உறவினர்கள் பேசுவார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்தே எத்தனையோ பெண்கள் வெறுங்கையோடு வெளியேறுகிறார்கள். குடும்பத்தின் பணம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வது மனைவியின் உரிமை. அதை ரகசியமாகச் செய்ய வேண்டியிருக்கிறது என்றால், உறவு ஏற்கெனவே பழுதாகிவிட்டது என்று பொருள். பிரமாணப் பத்திரம் இருவரையும் கட்டுப்படுத்துகிறது என்பதையும் மறக்கக் கூடாது. மனைவி தன் சம்பளத்தை மறைத்தாலும் பொய்ச் சத்தியம்தான். இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆம் பிரிவின்படி வருமானம் இல்லாத கணவரும் இடைக்கால உதவி கேட்கலாம். ஒழுங்காகச் சேர்த்த ஆவணம் பொய்யான குற்றச்சாட்டுகளையும் குறைக்கும்.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், மனைவிக்குத் தெரியாமல் கணவர் பதிவுசெய்த தொலைபேசிப் பேச்சையும் விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்றது. அதற்காகப் படுக்கையறையை ஒட்டுக்கேட்கும் கூடமாக்குவது யாருக்கும் நல்லதல்ல. வங்கிக் கணக்கு சொல்லும் உண்மையே பெரும்பாலும் போதும்.

டெல்லியில் வாழும் தமிழ்ப் பெண்களுக்கு எங்கே வழக்குப் போடுவது என்ற குழப்பமும் உண்டு. கல்யாணம் கும்பகோணத்தில், குடித்தனம் மயூர் விகாரில், பிரிந்த பிறகு பிறந்த வீடு மதுரையில் என்றால் மூன்று ஊர்களிலும் வழி இருக்கிறது. கல்யாணம் நடந்த இடம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், எதிர்த்தரப்பு வசிக்கும் இடம் ஆகியவற்றோடு, மனுதாரர் மனைவியானால் அவர் வசிக்கும் இடத்தையும் 2003-இல் சட்டம் சேர்த்தது. வேலை, பிள்ளையின் பள்ளி, துணைக்கு வரும் ஆள் ஆகியவற்றை யோசித்து முதலிலேயே முடிவெடுத்தால், வாய்தாவுக்கு வாய்தா ரயிலேறும் அலைச்சல் குறையும். இருக்கிற வீட்டை விட்டு அவசரப்பட்டு வெளியேறவும் வேண்டாம். டெல்லி நியூ பிரெண்ட்ஸ் காலனி வீடு ஒன்றைப் பற்றிய வழக்கில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் குடும்பமாக வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமையை மருமகள் கோரலாம் என்று தீர்ப்பளித்தது.

விதிகள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் பிரமாணப் பத்திர விதி ஒழுங்காகப் பின்பற்றப்படவில்லை என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றமே வருந்தி, ரஜ்னேஷ்–நேஹா தீர்ப்பை மறுபடியும் எல்லா நீதிமன்றங்களுக்கும் அனுப்பச் சொன்னது. எதிர்த்தரப்பு நான்கு வாரத்தில் தர வேண்டிய பத்திரத்தை இழுத்தடித்தால், அந்தந்தக் குடும்ப நீதிமன்றம் அதை அன்றைக்கே கண்டிக்க வேண்டும். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர 1987-ஆம் ஆண்டுச் சட்டம் வகைசெய்கிறது. டெல்லி மாநிலச் சட்டப் பணிகள் ஆணையத்தின் 1516 எண்ணை அழைத்தாலே அதற்கு வழி சொல்வார்கள். அந்த ஆணையம் நிரப்பாத பிரமாணப் பத்திரப் படிவத்தை இந்தி, தமிழ், வங்காளம் என்று பல மொழிகளில் அச்சிட்டு, ஆலோசனை கேட்டு வரும் பெண்ணின் கையில் முதல் நாளே கொடுக்கலாம். எந்தெந்தக் காகிதம் வேண்டும் என்பதை அவர் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே தெரிந்துகொள்வார்.