கட்டுப்படியாகாதது மருந்தா, விலையா?

புது தில்லி: முதுகுத்தண்டு தசைநலிவு நோய்க்கான ரிஸ்டிப்ளாம் மருந்து, செலவுக்கேற்ற பலன் தருமா என்ற கேள்விக்கான விடை 2025 அக்டோபரில் மாறிப்போனது. மருந்து மாறவில்லை; விலை மாறியது.

ரோச் நிறுவனம் ஒரு புட்டியை ஏறத்தாழ ரூ.6.2 லட்சத்துக்கு விற்றுவந்தது. 20 கிலோவுக்கு மேல் எடையுள்ள நோயாளிக்கு அது 12 நாள்களுக்கே வரும். அரிய நோய்களுக்கு மத்திய அரசு ஒருவருக்கு அளிக்கும் உச்சபட்ச உதவி ரூ.50 லட்சம். ஆயுள் முழுவதும் உட்கொள்ள வேண்டிய மருந்துக்கு அது மூன்று மாதச் செலவு. தடை கோரிய ரோச்சின் மேல்முறையீட்டைத் தில்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்ததும், ஹைதராபாதின் நாட்கோ நிறுவனம் அதே மருந்தை ரூ.15,900-க்குக் கொண்டுவந்தது. இந்த விலையில் ரூ.50 லட்சம் பத்து ஆண்டுகளுக்குப் போதும்.

சுகாதார ஆராய்ச்சித் துறையின்கீழ் 2017-இல் மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீட்டு அமைப்பு உருவாக்கப்பட்டது. நோயாளிக்கு நலமான ஓராண்டு வாழ்வைக் கூட்டித்தர ஆகும் செலவை, நாட்டின் தனிநபர் சராசரி உற்பத்தி மதிப்போடு ஒப்பிடுவது அதன் அளவுகோல். கணக்கில் பிழையில்லை. ஆனால், காப்புரிமையாளர் சொல்லும் விலையை அப்படியே ஏற்றுக் கணக்கிட்டால், பழி மருந்தின்மீது விழும். தண்டனை நோயாளிக்குப் போகும். பிரிட்டனில் இதே கணக்குதான் நிறுவனங்களிடம் விலையைக் குறைக்கப் பேரம் பேசும் ஆயுதம்.

இங்கோ மதிப்பீடு சுகாதார அமைச்சகத்திடம், விலைக் கட்டுப்பாடு ரசாயன அமைச்சகத்திடம், காப்புரிமை வர்த்தக அமைச்சகத்திடம். ரிஸ்டிப்ளாம் விலை இறங்க வழிவிட்டது இம்மூன்றில் எதுவுமல்ல, ஒரு நீதிமன்ற வழக்கு.