கூட்டருகே காமிரா வேண்டாம்



துப்பாக்கி ஏந்திய கைகள் இன்று காமிரா ஏந்துகின்றன என்று பெரியோர் மகிழ்ந்து சொல்வதைக் கேட்டிருக்கிறோம். எனக்கும் அதில் மகிழ்ச்சியே. ஆனால் காமிராவும் சில வேளைகளில் உயிரைப் பறிக்கும் என்பது என் கருத்து. இது நான் புத்தகத்தில் படித்து அறிந்ததன்று.

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுச் செம்பருத்திச் செடியில் ஒரு ஜோடிக் கொண்டைக்குருவிகள் கூடு கட்டின. சிறு கிண்ணம் போன்ற கூடு. அதில் மூன்று முட்டைகள். அப்பாவின் கைப்பேசியில் தூரத்திலிருந்து எடுத்த படம் தெளிவாக விழவில்லை. ஆகவே கூட்டை மறைத்திருந்த கிளையை நூலால் இழுத்துக் கட்டிவிட்டு, அருகில் சென்று எடுத்தேன். பறவை மதிலில் அமர்ந்து விடாமல் கத்தியது. பாடுகிறது என்று நினைத்துக்கொண்டேன்! நூலை அவிழ்க்கவும் மறந்துவிட்டேன். மறுநாள் காலையில் கூடு காலியாக இருந்தது.

"கிளையை விலக்கி வைத்தாயே, காக்கைக்கு நீயே வாசலைத் திறந்துவிட்டாய்" என்றார் பாட்டி. அந்தப் படம் இன்னும் கைப்பேசியில் இருக்கிறது. அதை யாரிடமும் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

சில வாரங்களுக்குப் பின் மருதாணிச் செடியில் மீண்டும் ஒரு கூடு வந்தது. இம்முறை ஜன்னலுக்குப் பின்னால் ஒரு நோட்டுடன் அமர்ந்தேன். தாய், தந்தை இரண்டுமே இரை கொண்டு வந்தன. வந்ததும் நேராகக் கூட்டிற்குச் செல்லவில்லை. முதலில் மின்கம்பியில் அமர்ந்து சுற்றுமுற்றும் பார்த்த பிறகே உள்ளே நுழைந்தன. குஞ்சுகளின் எச்சத்தை அலகால் எடுத்துச் சென்று தொலைவில் போட்டன. கூடு இருக்கும் இடம் பகைவருக்குத் தெரியாமலிருக்க அவை எவ்வளவு பாடுபடுகின்றன! நானோ அந்த இரகசியத்தை ஒரு துண்டு நூலால் அம்பலப்படுத்தியிருந்தேன்.

நாரைகள் உச்சி வெயிலில் சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தருகின்றன. நாம் நெருங்கினால் அவை பறந்துவிடும். குஞ்சுகள் வெயிலில் வாடும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்ற சொல்லுக்குக் கூறும் பொருளில், காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் அடங்கும். அப்படியானால் நான் செய்ததற்கு என்ன பெயர்?

"படம் இல்லாவிட்டால் மக்களுக்குப் பறவைகள் மீது அன்பு எப்படி வரும்?" என்று சிலர் கேட்கலாம். வேடந்தாங்கல் மக்களிடம் காமிராவா இருந்தது? தங்கள் ஏரிக்கு வரும் பறவைகளை அவர்கள் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்து வந்திருக்கிறார்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் தங்கள் வயலுக்கு உரமாவதை அவர்கள் கண்ணால் பார்த்து அறிந்திருந்தார்கள்.

படமே எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீரில் நீந்தும்போது எடுப்போம், வானில் பறக்கும்போது எடுப்போம். பறவை தன் வேலையை நிறுத்திவிட்டு நம்மையே பார்த்தால், அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம் என்று அறிந்து பின்வாங்குவோம். கூட்டின் அருகே மட்டும் எந்தக் காமிராவும் வேண்டாம்.

பறவையியல் அறிஞர் சலீம் அலி சிறுவனாக இருந்தபோது ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அது என்ன குருவி என்று அறியச் சென்றதே அவரைப் பறவைகளின் வாழ்நாள் நண்பராக்கியது. தவறும் ஒரு தொடக்கமாகலாம் என்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

நம் ஆண்டவர் மலைப்பொழிவில் வானத்துப் பறவைகளைக் கவனித்துப் பார்க்கச் சொன்னார். தோழியரே, முதலில் பார்க்கக் கற்றுக்கொள்வோம்!

— பத்தாம் வகுப்பு மாணவி