பழைய படத்தை இழுத்து நீட்ட வேண்டாம்

மணிவிழாவோ நினைவஞ்சலியோ, செராஸில் என்னிடம் வீடியோ எடிட்டிங்கிற்கு வரும் குடும்பங்கள் முதலில் சொல்வது ஒன்றுதான்: "அண்ணே, எல்லாம் ஃபோர்கேயில வேணும், ஸ்கிரீன் முழுசா வரணும்." கையில் கொடுப்பதோ பல அளவு. பெற்றோரின் கல்யாணம் விஎச்எஸ் கேசட்டில் இருக்கும். பேரன் கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்திருப்பான். அத்தை அனுப்பியது வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்திருக்கும். மண்டபத்தில் எடுத்தது மட்டும் ஃபோர்கே.

நம் மலேசியாவின் பழைய டிவி பால் (PAL) முறையில் ஓடியது. அந்த முறையில் பதிந்த கேசட்டைக் கணினியில் ஏற்றினால் கிடைப்பது 720க்கு 576 பிக்சல். ஃபோர்கே என்பது 3840க்கு 2160. சரியாக 20 மடங்கு. ஒரு பிக்சல் இருந்த இடத்தை 20 பிக்சல் நிரப்ப வேண்டும். மிச்சம் 19ஐயும் மென்பொருள் ஊகித்துத்தான் போடும். ஏஐ கருவியில் கொடுத்தால் படம் பளபளக்கும். அம்மாவின் மருவும் தழும்பும் மறைந்து, வேறு யாரோ சிரிப்பார்.

திரையை நிரப்பினாலும் நஷ்டம்தான். கேசட்டின் 4:3 வடிவப் படத்தை அகலத்தில் இழுத்தால் முகம் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும். வெட்டி நிரப்பினால் உயரத்தில் கால்வாசி போய்விடும். போவது பெரும்பாலும் பின்வரிசை உறவினர்களின் தலை.

என் கட்சி இது: டைம்லைனை 1920க்கு 1080இல் வையுங்கள். மண்டபத் திரைக்கு அது போதும். ஃபோர்கேயில் எடுத்ததை அதில் இரண்டு மடங்கு நெருக்கிக் காட்டினாலும் தெளிவு குறையாது. கேசட் படம் தன் வடிவத்திலேயே நடுவில் நிற்கட்டும். இரு பக்கமும் கறுப்பாக இருந்தால் "காசுக்கு ஏற்ற வேலை இல்லை" என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். அந்தக் கறுப்பு, படம் எந்தக் காலத்தது என்று ஒளிக்காமல் சொல்கிறது. அதில் என்ன குறை?

குடும்பங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. வாட்ஸ்அப்பில் வீடியோவை 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள், சுருங்காது. கேசட்டுகளை இப்போதே கணினியில் ஏற்றிவிடுங்கள். விஎச்எஸ் பிளேயர் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016இலேயே நிறுத்திவிட்டது. நம் ஈரக்காற்றில் டேப்பில் பூஞ்சையும் பிடிக்கும். எடிட்டரிடம் முடித்த படத்தோடு, வெட்டாத மூலக் கோப்புகளையும் கேட்டு வாங்குங்கள். நாளைக்கு எந்த அளவில் திரை வந்தாலும், மூலம் இருந்தால் மறுபடி செய்துகொள்ளலாம்.